கொத்த முதல் கானைப் பாருங்கள்: கொழும்புப் புறநகரில் தோட்டம் தொடங்குவோருக்கு

ஹெந்தளையில் எங்களுக்கு 15 பேர்ச் காணி. வாங்கிய முதல் வருடம், ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பின்பக்கத்தை முழுக்கக் கொத்திப் புரட்டினேன். தெரிந்த ஒருவரின் கோழிக்கூட்டிலிருந்து வந்த 6 மூடை பச்சை எருவை மேலே பரப்பிவிட்டு, பெரிய கமக்காரன் போலக் கைகழுவிவிட்டு வந்தேன். ஞாயிறு பின்னேரம் இடியோடு மழை. திங்கட்கிழமை காலை பக்கத்து வளவு அக்கா வேலியடியில் நின்றார்.

"தம்பி, கிணத்துத் தண்ணி பிளேன் ரீ மாதிரிக் கிடக்குது. நாத்தம் வேற. என்ன போட்டீங்கள்?"

போட்டதைச் சொன்னேன். "இயற்கைப் பசளைதானே அக்கா" என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அடுத்த பத்து நாளும் அந்த வீட்டுக்குக் குடிக்கிற தண்ணீர் எங்கள் பைப்பிலிருந்து வாளி வாளியாகப் போனது.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை விலகியது. ஆனால் அந்தச் சில மாதங்களில் பலருக்கு எருவிலும் கூட்டெருவிலும் பிடித்த பிடிப்பு இன்னும் விடவில்லை. நல்ல விடயம்தான். கூடவே ஒட்டிக்கொண்ட ஒரு நம்பிக்கைதான் எனக்குப் பிரச்சினை: எரு இயற்கையானது, அதனால் தண்ணீருக்குக் கேடில்லை என்பது. பசளையிலுள்ள நைதரசன் மண்ணில் நைத்திரேற்று என்ற கரையும் பொருளாக மாறுகிறது. அது யூரியாவிலிருந்து வந்ததா மாட்டுச் சாணத்திலிருந்து வந்ததா என்று கிணறு கேட்பதில்லை.

ஆகவே வத்தளை, கடுவளை, மாலபே, பிலியந்தலைப் பக்கம் புதிதாகக் காணி வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ மண்வெட்டியைத் தூக்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: ஒரு மழையை நனைந்தபடி பாருங்கள்

விதை வாங்க முன்னர், குடையைப் பிடித்துக்கொண்டு பெருமழையில் வளவைச் சுற்றி ஒருதரம் நடவுங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த மூலையால் வெளியேறுகிறது, அது போய்ச் சேர்வது தெருக் கானா, பக்கத்து வளவா, ஓடையா, கிணற்றடியா என்று பாருங்கள். வீட்டுக்குள் வந்ததும் ஒரு தாளில் வளவைக் கீறி அம்புக்குறி போடுங்கள். இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அந்தத் தாள் தேவை.

கணக்கும் ஒன்று உண்டு. ஒரு பேர்ச் ஏறக்குறைய 25 சதுர மீற்றர். அதில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1,250 லீற்றர் தண்ணீர். கொழும்பில் மே, ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் சராசரி மழை ஒவ்வொன்றுக்கும் 300 மில்லிமீற்றருக்கு மேல். அந்தத் தண்ணீர் எல்லாம் கீழே இறங்கவேண்டும், இல்லாவிட்டால் வெளியே ஓடவேண்டும். இறங்கினால் கிணற்றுக்குப் போகிறது, ஓடினால் கானுக்குப் போகிறது. உங்கள் எருவும் மண்ணும் அந்த இரண்டு வழியில் ஒன்றைத்தான் பிடிக்கும்.

இரண்டாவது: உங்கள் மண் எந்த வழியைத் திறந்துவிடுகிறது

ஒரு பிடி ஈர மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருளாமல் உதிர்ந்தால் மணல். வத்தளை, உஸ்வெட்டகெய்யாவக் கரையோரம் பெரும்பாலும் அப்படித்தான். மணலில் தண்ணீர் ஓடுவது குறைவு, நேரே கீழே இறங்கும். எருவிலுள்ள நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது. மண் துணிக்கைகள் அதைப் பிடித்து வைத்திருக்க மாட்டா. உப்பு கரைவதுபோலக் கரைந்து நிலத்தடி நீருக்குப் போய்விடும்.

உருண்டு கையில் சிவப்பாக ஒட்டினால் கபுக் மண். கடுவளை, அத்துருகிரிய மேட்டு நிலங்கள் இந்த வகை. இரும்பு நிறைந்த இந்த மண், எருவிலுள்ள இன்னொரு சத்தான பொஸ்பரசை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிடித்த கையோடு மண்ணே கழுவுப்பட்டுப் போனால் பொஸ்பரசும் சேர்ந்து போகும், அதுதான் சிக்கல்.

மூன்றாவது வகை கொழும்புக்கே உரியது: நிரப்பிய காணி. அடியில் கறுப்புச் சதுப்பு, மேலே லொறியில் கொண்டுவந்து கொட்டி உருளையால் இறுக்கிய செம்மண். எங்களுடையது இதுதான். தண்ணீர் உள்ளே போகாது, மேசைமேல் ஊற்றியதுபோல வழிந்தோடும். அக்காவின் கிணற்றுக்கு என் எரு போனது அப்படித்தான். அவருடைய கிணற்றுக் கட்டு ஒன்றரை அடிதான் உயரம்.

மூன்றாவது: எவ்வளவு கொத்துவது

இதில்தான் புதியவர்கள் அதிகம் பிழைவிடுகிறோம். கொத்தினால் மண் இளகும், காற்றுப் போகும், வேர் ஓடும் என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள். பொய்யில்லை. ஆனால் பெரிய மழைத்துளி ஒன்று செக்கனுக்கு ஏறக்குறைய 9 மீற்றர் வேகத்தில் வந்து விழுகிறது. வெறும் மண்ணில் விழும்போது துணிக்கைகளைத் தெறிக்கவைத்து, சிறு துளைகளை அடைத்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் மேலே ஒரு மெல்லிய சேற்றுத்தோல் படியும். அதற்குப் பிறகு தண்ணீர் இறங்காது, ஓடும். கொத்திய மண்ணை அள்ளிக்கொண்டு ஓடும். ஒரு பேர்ச்சில் 1 மில்லிமீற்றர் மண் கழுவுப்பட்டால் 30 கிலோவுக்கு மேல். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஒரு மூடையளவு மண் போயிருக்கும்.

நான் இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன். இறுகிய நிரப்புக் காணி என்றால் ஒரே ஒருமுறை, மழை குறைந்த நாட்களில், அலவாங்கால் குத்தி ஒன்றரை அடி வரை இளக்குங்கள். புரட்ட வேண்டாம், மேல்மண் மேலேயே இருக்கட்டும். அதன் பிறகு முழு வளவையும் கொத்துவதை மறந்துவிடுங்கள். நடும் வரிசையை மட்டும் மண்வெட்டி அகலத்துக்குக் கொத்தினால் போதும். வரிசைகளுக்கு இடையில் புல் இருந்தால் இருக்கட்டும், உயர்ந்தால் வெட்டி அங்கேயே போடுங்கள். வெறும் மண் ஓரிடத்திலும் தெரியக்கூடாது. காய்ந்த வாழைச் சருகு, தென்னோலை, தும்புச்சோறு, வெட்டிய புல் என்று எது கிடைத்தாலும் நான்கு விரல் கனத்துக்கு மூடுங்கள். துளி சருகில் விழுந்தால் அதன் அடி அங்கேயே முடிந்துவிடும்.

சரிவான காணி என்றால் வரிசைகள் சரிவுக்குக் குறுக்காகவே ஓடவேண்டும். சமமட்டக் கோடு கண்டுபிடிக்க, மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் விட்டு இரண்டு பேர் பிடித்தால் போதும். அந்தக் கோட்டில் கிளிசிரிடியா தடிகளை நெருக்கமாக நட்டுவிடுங்கள். மண்ணை மறிக்கும், கிளை வெட்டினால் இலை பசளையாகும். மலையகத்தில் சரிவுகளைக் காக்க நெடுங்காலமாகச் செய்துவரும் வேலைதான் இது.

மலையகத்தைச் சும்மா இழுக்கவில்லை. கொழும்பின் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுப்பது. அந்தக் கங்கையின் மூலம் சிவனொளிபாதமலைப் பக்கம், நீளம் 145 கிலோமீற்றர். மஸ்கெலியா, நோர்வூட் தோட்டச் சரிவுகளில் பெய்யும் மழை வந்து சேருவது உங்கள் சமையலறைக் குழாய்க்குத்தான். தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும் சரிவும், மரக்கறிக்காகக் கொத்திய சரிவும் வெறுமையாகக் கிடந்தால் கங்கை செம்மண் நிறமாக வரும். அதைத் தெளியவைக்கப் படிகாரம் அதிகம் தேவைப்படும். மேலே ஒருவர் கொத்துவதற்குக் கீழே நாம் கட்டணம் கட்டுகிறோம்.

நான்காவது: எருவை மேலே விடுவதா, உள்ளே விடுவதா

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கொத்தாவிட்டால் மண் போகாது என்று இப்போதுதான் சொன்னேன். ஆனால் கொத்தாத நிலத்தில் எருவை மேலே பரப்பினால் எரு போய்விடும்.

இதைப் பெரிய விலை கொடுத்துப் படித்தவர்கள் அமெரிக்காவின் ஈரி ஏரிக் கரைக்காரர்கள். அந்தப் பக்க விவசாயிகள் பலர் மண்ணரிப்பைக் குறைக்க உழவைக் கைவிட்டார்கள். மண்ணோடு ஒட்டிப்போகும் பொஸ்பரசு குறைந்தது. ஆனால் 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு, நீரில் கரைந்துபோகும் பொஸ்பரசு கூடத் தொடங்கியது. காரணங்கள் பல: வயலுக்கு அடியில் புதைத்த வடிகுழாய்கள், கூடிய மழை, இவற்றோடு புரட்டாத நிலத்தின் மேற்பரப்பிலேயே தங்கிய பசளையும் எருவும். பொஸ்பரசு பாசிக்கு உணவு. 2014 ஓகஸ்ட்டில் ஏரியில் நச்சுப் பாசி பெருகி, அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கும் தொலீடோ நகரத்தில் ஏறக்குறைய 5 இலட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

பாசிக்குத் தேவைப்படும் பொஸ்பரசு எவ்வளவு சிறியது தெரியுமா? ஏரி நீரில் லீற்றருக்கு 0.03 மில்லிகிராம் அளவே அதைக் கிளப்பிவிடப் போதும். பேர வாவி பச்சையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே முக்கிய குற்றவாளி நகரத்துக் கழிவுநீர், தோட்டக்காரர் அல்ல. பாசிக்கு இரண்டும் ஒன்றுதான். தியவன்னாவுக்கோ பொல்கொடைக்கோ போகும் கானோடு உங்கள் வளவு தொடுத்திருந்தால் இதை மனதில் வையுங்கள்.

முடிச்சை அவிழ்க்கச் சின்னத் தோட்டத்தில் வழி இருக்கிறது. பெரிய பண்ணைக்காரருக்கு இல்லாத வசதி இது. முழு நிலத்தையும் புரட்டாமல் எருவை மட்டும் உள்ளே விடலாம். கத்தரி, மிளகாய், தக்காளி என்றால் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சாண் ஆழக் குழி வெட்டி, எருவை மண்ணோடு கலந்து, மேலே மூன்று விரல் மண் போட்டு, அதன்மேல் சருகு போடுங்கள். பயற்றை, வெண்டி என்றால் வரிசைக்குப் பக்கத்தில் சிறு சால் கீறி எருவைப் போட்டு மூடுங்கள். மற்ற இடத்தில் ஒரு கரண்டி எருவும் விழத் தேவையில்லை.

எவ்வளவு, எப்படிப்பட்ட எரு

நன்றாக மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு என்றால் பாத்தியில் சதுர மீற்றருக்கு ஒரு கிலோ, ஒரு போகத்துக்கு. கோழி எரு என்றால் அதில் பாதிக்கும் குறைவு, ஏனென்றால் சத்துச் செறிவு பல மடங்கு. "எரு எவ்வளவு போட்டாலும் அளவு மிஞ்சாது" என்று அம்மாமார் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். பயிருக்குத் தேவையான நைதரசனைக் கணக்குப் பார்த்து எரு போட்டாலே பொஸ்பரசு தேவைக்கு மேல் போய்விடும். எருவில் இரண்டும் கலந்திருக்கும் விகிதம் பயிர் கேட்கும் விகிதம் இல்லை. வருடா வருடம் போட்டால் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். மூன்று நான்கு வருடம் எரு போட்ட பாத்தி என்றால் ஒரு போகம் எருவை நிறுத்தி, பயற்றை இன அவரைப் பயிர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

பச்சை எருவைத் தோட்டத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம் என்பது என் கட்சி. அதில் ஈ.கோலை, சல்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். மண்ணில் படும் விளைச்சலுக்குப் பச்சை எரு போட்டு 120 நாள் கழித்துத்தான் அறுவடை செய்யலாம் என்பது அமெரிக்காவின் இயற்கை விவசாய விதி. நாம் வளர்ப்பது என்ன? வல்லாரை, பொன்னாங்காணி. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெட்டுகிறோம். வெட்டிப் பச்சையாகத் தேங்காய்ப்பூவோடு சம்பல் போடுகிறோம். 120 நாளுக்கு இதில் எங்கே இடம்?

ஆகவே மக்கவையுங்கள். குவியல் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது ஒரு மீற்றர் இருந்தால்தான் சூடு ஏறும். எரு ஒரு பங்குக்குக் காய்ந்த சருகு, மரத்தூள், தும்பு இரண்டு மூன்று பங்கு. மூக்கில் ஏறும் அமோனியா மணம் வந்தால் நைதரசன் காற்றில் போகிறது என்று அர்த்தம், இன்னும் சருகு போடுங்கள். உள்ளே 55 பாகை செல்சியசுக்கு மேல் 15 நாளாவது நிற்கவேண்டும், அதற்குள் ஐந்து தடவை புரட்டவும் வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் அலவாங்கைக் குவியலின் நடுவில் குத்திப் பத்து நிமிடம் விட்டு இழுத்துத் தொட்டுப் பாருங்கள், கையில் பிடிக்க முடியாமல் சுடவேண்டும். பிறகு இரண்டு மூன்று மாதம் ஆறவிடுங்கள். மண் மணம் வந்துவிட்டால் சரி.

குவியலுக்கு மேலே தறப்பாள் கட்டாயம். மூடாத குவியலின் அடியிலிருந்து வடியும் கருந்தண்ணீர்தான் முழுத் தோட்டத்திலும் மோசமான திரவம். அடியில் சீமெந்துத் தளமோ தடித்த பொலித்தீனோ போட்டு, சுற்றிவர ஒரு சிறு வரம்பு கட்டினால் அது வெளியே போகாது. வாளியில் சேர்ந்தால் திரும்பக் குவியலுக்கே ஊற்றுங்கள்.

கிணறு

எருக் குவியலும் கோழிக்கூடும் கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி, கிணற்றை விடத் தாழ்ந்த பக்கத்தில் இருக்கவேண்டும். 10 பேர்ச் காணியில் 50 அடி எங்கே என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்துக் கணக்கெடுத்தால் இன்னும் இடமில்லை. அப்படியென்றால் அந்த வளவில் குவியல் போடாதீர்கள், மக்கிய கூட்டெருவை வாங்கிக்கொள்ளுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

கனடாவின் வோக்கர்ட்டன் என்ற சிறு நகரத்தில் 2000 மே மாதம் பெருமழையோடு மாட்டெருவின் ஈ.கோலை ஓர் ஆழங்குறைந்த கிணற்றுக்குள் போனது. 7 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 2,300 பேருக்கு நோய். விசாரணையில் வெளிவந்ததில் என்னை உலுக்கியது இதுதான்: எரு போட்ட விவசாயி முறைப்படிதான் போட்டிருந்தார். அவர்மேல் பிழையில்லை. கிணறு அந்த இடத்தில் அவ்வளவு ஆழங்குறைவாக இருந்ததும், குளோரினைச் சரியாகக் கவனிக்காததும்தான் பிழை. எனவே கிணற்றுக் கட்டை இரண்டரை அடிக்கு உயர்த்துங்கள், சுற்றிவரச் சீமெந்துத் தளம் போட்டு வெளிப்பக்கம் சரித்துவிடுங்கள், மூடி போடுங்கள்.

நைத்திரேற்றுக்கு இது எதுவும் உதவாது, அது மண்ணுக்குள்ளால் வருகிறது. யாழ்ப்பாணத்தில் உறவுகள் உள்ளவர்களுக்குக் கதை தெரியும். சுண்ணக்கல் நிலம், வெங்காயத் தோட்டம், ஏராளமான எருவும் பசளையும். அங்கே பல கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கான எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. கற்பிட்டி மணலிலும் இதே கதை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது ஆபத்து, இரத்தம் ஒட்சிசன் காவும் வல்லமையைக் குறைத்துவிடும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்றுவதால் செறிவு இன்னும் கூடும். வீட்டில் கைக்குழந்தை இருந்து கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைப்பதாக இருந்தால், முதலில் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள். அதுவரை குழாய்த் தண்ணீர்.

எந்த மாதம்

தேதியைத்தான் நான் முதல் வருடம் பிழைவிட்டேன். கொழும்பில் மழை குறைந்த காலங்கள் இரண்டு: ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை ஒன்று, ஜூலை பிற்பகுதியும் ஓகஸ்ட்டும் மற்றது. கொத்துவதையும் எரு புதைப்பதையும் இந்தக் காலங்களில் முடித்துவிட்டால், பெருமழை வரும்போது பயிர் வேரூன்றி, சத்தை எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கும். ஏப்ரல் கடைசியிலும் ஒக்டோபரிலும் மண்வெட்டி கொட்டிலில் கிடக்கட்டும். இடைக்காலத்தில் மேலுரம் போடுவதாக இருந்தால் அடுத்த இரண்டு நாள் மழை முன்னறிவிப்பைப் பாருங்கள். கைபேசி சொல்லும் முன்னறிவிப்பு எங்கள் பக்கம் பாதி நாள் பொய், அதனால் பின்னேரம் கிழக்கே மேகம் கறுத்தால் நான் மூடையை அவிழ்ப்பதில்லை.

வெல்லம்பிட்டி, கொட்டிகாவத்தைப் பக்கம் தாழ்ந்த பாத்திகளில் கங்குன், பொன்னாங்காணி போடுபவர்களுக்குத் தனியாக ஒன்று: பசளை போட்ட அன்றே தண்ணீரை ஓடைக்குத் திறந்துவிடாதீர்கள். வெளிவாயை மண்ணால் அடைத்து ஐந்தாறு நாள் தண்ணீரைப் பாத்திக்குள்ளேயே நிறுத்துங்கள். வயல்காரர் எல்லோரும் செய்வதுதான்.

கடைசி எல்லை, பிறகு போத்தல்

தாளில் போட்ட அம்புக்குறி வெளியேறும் இடத்தில் மூன்று நான்கு அடி அகலத்துக்குப் புல் வளரவிடுங்கள். வெட்டிவேரோ எலுமிச்சம்புல்லோ நட்டால் இன்னும் நல்லது. தண்ணீர் அங்கே வேகம் குறைந்து மண்ணைக் கீழே விட்டுவிடும். கரைந்த நைத்திரேற்றை இது பெரிதாகப் பிடிக்காது, அதற்குப் புல்லை நம்பவேண்டாம்.

செய்ததெல்லாம் பலித்ததா என்று பார்க்க ஒரு தண்ணீர்ப் போத்தல் போதும். பெருமழை தொடங்கி இருபது நிமிடத்தில், வளவைவிட்டுத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் போத்தலைப் பிடித்து நிரப்பி, தேதி எழுதி, ஒருநாள் ஆடாமல் வையுங்கள். அடியில் படிந்த மண்ணின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து கலண்டரில் குறியுங்கள். மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் நைத்திரேற்றுச் சோதனைப் பட்டி கிடைக்கும். துல்லியம் குறைவு, ஆனால் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். மண் பரிசோதனைக்கும் பயிர்ச் சந்தேகங்களுக்கும் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைப் பாருங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுங்கள்.

எங்கள் மதில்மேல் இப்போது ஆறு போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. முதல் போத்தலில் இரண்டு விரல் சேறு, கடைசிப் போத்தலில் ஒரு நகக்கண் அளவு. போன கிழமை அக்கா வந்து வெறும் போத்தல் ஒன்று கேட்டார். எதற்கு என்றேன். அவர் வளவில் இப்போது எட்டுக் கோழி வளர்கிறது, கூட்டுப் பக்கத்தால் தண்ணீர் எங்கள் கிணற்றுப் பக்கம் வருகிறதா என்று பார்க்கவேண்டுமாம்.